டீச்சரிடம் கேளுங்கள்: சிலேட்டு, புளியங்கொட்டை, இரட்டைக் கொம்பு

1986 முதல் 2021 வரை புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும்தான். பெரிய வகுப்பு எடுக்கிறீர்களா என்று தலைமை ஆசிரியர்கள் கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியவை. அதனால் இந்த முறை முழு இடமும் அவர்களுக்கே.

கேள்வி: என் மகளை ஜூனில் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். ஆகஸ்ட் வந்துவிட்டது, நோட்டில் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. கேட்டால், 'பாட்டுப் பாடினோம், புளியங்கொட்டை எண்ணினோம், மண்ணில் எழுதினோம்' என்கிறாள். எதிர்வீட்டுக் குழந்தை தனியார் பள்ளியில் நூறு வரை எழுதுகிறாள். பள்ளியை மாற்றிவிடலாமா டீச்சர்?
— ஒரு தாய், தேனி

மாற்ற வேண்டாம் அம்மா. உங்கள் மகள் சொன்ன மூன்றுமே படிப்புத்தான். அந்த டீச்சர் நல்ல டீச்சராக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் மண். ஐந்து வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு எலும்புகள் இன்னும் முற்றியிருக்காது. அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து நாலு கோட்டுக்குள் எழுது என்றால், அது விரலை இறுக்கிப் பிடித்து, தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தும். அந்தப் பிடி ஒருமுறை பழகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. மண்ணில் ஆள்காட்டி விரலால் பெரிதாக எழுதும்போது தோள், முழங்கை எல்லாம் சேர்ந்து அசையும். எழுத்தின் திசை உடம்பில் பதியும். மண்ணிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து கீழ்மட்டக் கரும்பலகைக்கு, அப்புறம் சிலேட்டு, கடைசியில்தான் நோட்டு. நான் நோட்டைக் கையில் கொடுக்கவே ஆயுத பூஜை ஆகிவிடும்.

எந்த எழுத்திலிருந்து தொடங்குகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அரிச்சுவடி வரிசையில் 'அ'தான் முதல். ஆனால் கைக்கு 'அ' கடினமான எழுத்து. சுழி, வளைவு, குறுக்கே ஒரு கோடு, கடைசியில் நேர்க்கோடு. 'ட' அப்படி இல்லை. கீழே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு, முடிந்தது. அதோடு இன்னொரு கோட்டை மேலே ஏற்றினால் 'ப'. அடுத்து 'ம'. இந்த மூன்றோடு புள்ளியையும் சொல்லிக் கொடுத்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று பிள்ளை தானாகவே படிக்கத் தொடங்கும். '247 எழுத்தும் முடியட்டும், அப்புறம் சொல்' என்று காத்திருக்கத் தேவையில்லை. 'பட்டம்' என்று முதல் தடவை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, பிள்ளை நிமிர்ந்து நம் முகத்தைப் பார்க்கும் பாருங்கள், அதற்காகத்தான் நான் அத்தனை வருஷம் ஒன்றாம் வகுப்பை விடவில்லை.

புளியங்கொட்டைக்கு வருகிறேன். நூறு வரை எழுதுவது ஒரு திறமை, எண்ணுவது வேறு திறமை. சில பிள்ளைகள் பாட்டு மாதிரி நூறு வரை ஒப்பிப்பார்கள். எட்டுக் கொட்டை எடுத்துத் தா என்றால் கை நிறைய அள்ளித் தருவார்கள். உங்கள் மகளிடம் ஏழு கொட்டையைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். பிறகு அதே ஏழைத் தள்ளித் தள்ளிப் பரப்பி வைத்து, 'இப்போது எத்தனை?' என்று கேளுங்கள். திரும்ப எண்ணாமல் 'ஏழுதான்' என்று சொன்னால் எண் அவளுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். திரும்ப எண்ணினாலும் தப்பில்லை, இன்னும் கொஞ்ச நாள் கொட்டை வேண்டும், அவ்வளவுதான்.

பாட்டு, காதுக்கான படிப்பு. 'ப-ட்-ட-ம்' என்று எழுத்துக்கு ஒரு கைதட்டல் போட்டுப் பாடின பிள்ளை, நாளைக்கு எழுதும்போது 'ட்'டை விழுங்காது.

பொங்கல் வரை பொறுங்கள். அதற்குள் தன் பெயரில் உள்ள எழுத்துகளைக் கூட்டத்தில் அடையாளம் காட்டத் தெரியவில்லை என்றால், அப்போது டீச்சரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். அதுவரை சாயங்காலம் 'என்ன எழுதினாய்?' என்று கேட்காதீர்கள். 'என்ன செய்தாய், எனக்குச் செய்து காட்டு' என்று கேளுங்கள்.

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு. நூற்றைந்து எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுகிறான். நூற்றிருபது என்றால் 10020. பத்து முறை எழுத வைத்தும் மாறவில்லை. இவனுக்கு மூளையில் ஏதும் பிரச்சினையா?
— ஒரு தந்தை, திருப்பூர்

தம்பி, அவன் மூளை நன்றாகவே வேலை செய்கிறது. காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறான். 'நூறு' என்றால் 100, 'ஐந்து' என்றால் 5. இரண்டையும் ஒட்டினால் 1005. அவன் பக்கம் இருந்து பார்த்தால் அது சரிதான். எண்களை இடத்தை வைத்து எழுதுகிறோம் என்ற இரகசியம் அவனுக்கு இன்னும் யாரும் காட்டவில்லை. அதைப் பத்து முறை எழுத வைத்துக் காட்ட முடியாது.

ஐந்தாறு தீப்பெட்டி வாங்குங்கள். மருந்தைக் கிள்ளி எறிந்துவிட்டுக் குச்சிகளை மட்டும் அவனிடம் கொடுங்கள். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் வளையம் போடட்டும். அந்த வளையத்தை அவன் கையாலேயே போட வேண்டும், நீங்கள் போட்டுக் கொடுத்தால் பயனில்லை. பத்துக் கட்டு சேர்ந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய கட்டு. தரையில் சாக்பீஸால் மூன்று கட்டம் போட்டு, பெரிய கட்டுக்கு ஒன்று, சின்னக் கட்டுக்கு ஒன்று, உதிரிக்கு ஒன்று. இப்போது 'நூற்றைந்து வை' என்று சொல்லுங்கள். பெரிய கட்டு ஒன்று, உதிரி ஐந்து வைப்பான். நடுக்கட்டம் காலியாக இருக்கும். 'இங்கே ஒன்றுமில்லையே, அதை எப்படி எழுதுவது?' என்று அவனே கேட்கும்வரை காத்திருங்கள். அந்தக் கேள்வி அவன் வாயிலிருந்து வந்தால் பூஜ்யம் எதற்கு என்பது அவனுக்குப் புரிந்துவிடும். என் வகுப்பில் இதற்குச் சில பிள்ளைகளுக்கு ஒரு நாள் ஆகும், சிலருக்கு மூன்று வாரம் ஆகும்.

இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன், அடுத்து அங்கேதான் தடுக்கும். இருபது, முப்பது, எழுபது, எண்பது என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் தமிழ் எண்கள், அடுத்தது 'தொண்ணூறு' என்று நூறை வாலில் கட்டிக்கொண்டு வரும். எண்பத்தொன்பதுக்கு அப்புறம் 'எண்பத்துப் பத்து' என்று சொன்ன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அது நல்ல கணக்கு. அதைத் தப்பு என்று அடிக்காமல், 'ஆமாம், அதற்குத் தொண்ணூறு என்று ஒரு பேர்' என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

கேள்வி: பேத்திக்கு 'மலை' எழுதக் கற்றுக்கொடுத்தேன். யானைத் துதிக்கை போல வளைத்து எழுதும் பழைய 'லை' போட்டேன். 'தாத்தா தப்பு' என்று அழித்துவிட்டாள். நான் ஐம்பது ஆண்டுகளாக எழுதுவது தப்பா?
— ஒரு தாத்தா, கும்பகோணம்

தப்பே இல்லை ஐயா. நானும் அந்த எழுத்தில்தான் படித்தேன். 'யானைத் துதிக்கை போடு' என்று எங்கள் வாத்தியார் சொல்வது இன்றும் காதில் கேட்கிறது.

பெரியார் 1935-லேயே தம் குடிஅரசு இதழில் புதிய வடிவங்களை அச்சடிக்கத் தொடங்கிவிட்டார். தமிழக அரசு 1978-ல் அதை ஏற்று ஆணையிட்டது. ணை, லை, ளை, னை இந்த நான்கும், ணா, றா, னா இந்த மூன்றும், அவற்றோடு சேர்ந்த ஒகர ஓகார எழுத்துகளுமாகப் பதின்மூன்று எழுத்துகள் மாறின. ஒன்றாம் வகுப்பு டீச்சராக எனக்கு அதில் கிடைத்த லாபம் பெரிது. கை, மை, பை எல்லாவற்றிலும் வருகிற அதே ஐகாரக் குறியை ல-வுக்கு முன்னாலும் வைத்தால் போதும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். விதிவிலக்கு குறைந்தால் பிள்ளைக்கு அத்தனை பாரம் குறைகிறது.

பேத்தியிடம் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். உங்கள் பழைய கடிதம் ஏதாவது பெட்டியில் இருந்தால் எடுத்துக் காட்டி, 'இதில் எத்தனை துதிக்கை இருக்கிறது, கண்டுபிடி' என்று சொல்லுங்கள். ஒரு மதியம் முழுக்கத் தேடுவாள். பழைய எழுத்தை வாசிக்கவும் கற்றுக்கொள்வாள். எழுதுவது மட்டும் அவள் பள்ளியில் சொல்வது போலவே எழுதட்டும்.

கேள்வி: புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன் அம்மா. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளும் ஒரே அறையில், எல்லாம் சேர்த்து 28 பிள்ளைகள். ஒரு பக்கம் சொல்லிக்கொடுத்தால் மறுபக்கம் சந்தை. சாயங்காலம் தொண்டை கட்டிவிடுகிறது. எப்படிச் சமாளித்தீர்கள்?
— ஓர் இளம் ஆசிரியை, கிருஷ்ணகிரி

கண்ணம்மா, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் முதல் இரண்டு வருஷமும் இப்படித்தான் போனது. பிரம்பை மேசையில் தட்டித் தட்டி மேசைதான் தேய்ந்தது.

எனக்கு வழி காட்டியது செயல்வழிக் கற்றல், பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தாங்களே செய்து படிப்படியாகக் கற்கிற முறை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கியது, 2007-ல் மாநிலம் முழுக்க வந்தது. அப்போது எனக்கு இருபது வருஷ அனுபவம். முதலில் பிடிக்கவில்லை. நாற்காலியை வெளியே போடு, பாயில் உட்கார் என்றார்கள். மூன்று மாதம் கழித்து நாற்காலியைத் திரும்பக் கொண்டுவர எனக்கே மனசு வரவில்லை. பாயில் உட்கார்ந்த பிறகுதான் பிள்ளைகளின் சிலேட்டு எனக்குத் தெரிந்தது. அதுவரை அவர்கள் தலைதான் தெரிந்தது.

அதில் எனக்குப் பிடிக்காததும் இருந்தது. பாடங்களைப் படிப்படியாக அடுக்கிய ஏணிப்படி அட்டவணையில் எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பதிவேட்டை நிரப்புவதே சில இடங்களில் வேலையாகிவிட்டது. அட்டைகள் தொலைந்தன, பிள்ளை அட்டையைத் தேடியே பாதிப் பொழுது போனது. ஆனால் அதன் காலை வழக்கங்களை நான் கடைசி நாள் வரை விடவில்லை. உனக்கு அதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

பிள்ளை உள்ளே வந்ததும் தன் வருகையைத் தானே குறிக்கும். ஒருவர் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து காலநிலை அட்டையில் வெயிலா, மேகமா, மழையா என்று காட்டுவார். இன்னொருவர் ஆரோக்கியச் சக்கரத்தைத் திருப்புவார். குளித்தோமா, நகம் வெட்டினோமா, தலை வாரினோமா. பிறகு கீழ்மட்டக் கரும்பலகையில் அவரவர் இடத்துக்குப் போய், தெரிந்த எதையாவது எழுதவோ வரையவோ வேண்டும். முதல் இருபது நிமிடம் நீ ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. தாமதமாக வருகிறவர்கள், அழுகிறவர்கள், பல்பம் கொண்டுவராதவர்கள் எல்லோரையும் அந்த நேரத்தில் தனித்தனியாகப் பார்த்துவிடலாம். உன் தொண்டை தப்பிப்பதே இந்த இருபது நிமிடத்தில்தான்.

இதைப் பழக்குவதற்குப் பொறுமை வேண்டும். முதல் இரண்டு வாரம் பாடத்தைப் பற்றிக் கவலைப்படாதே. பாயை எப்படி விரிப்பது, எப்படிச் சுருட்டுவது, சாக்பீஸ் டப்பாவை எங்கே வைப்பது, தண்ணீர் குடிக்கப் போக யாரிடம் சொல்வது, இவற்றையே பாடமாக நடத்து. நான் டஸ்டரை எடுத்து வைப்பதை மட்டும் ஒரு நாள் முழுக்கப் பழக்கியிருக்கிறேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அந்த வருஷம் முழுக்க டஸ்டருக்காக ஒரு சண்டை வரவில்லை.

மூன்று வகுப்பு என்று பிரிக்காதே, மூன்று வேலை என்று பிரி. ஒரு கூட்டம் உன்னோடு, ஒரு கூட்டம் ஒருவரோடொருவர், ஒரு கூட்டம் தனியாக. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறார்கள் அல்லவா, அதுவும் இதற்கு நன்றாகவே ஒத்துவரும். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை அரும்பில் இருந்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையோடு உட்காரட்டும். ஆனால் அவனை 'நீ இன்னும் அரும்பா' என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள். அவனிடம் சாக்பீஸ் டப்பா பொறுப்பைக் கொடுத்து அங்கே அனுப்பு.

சத்தம் அதிகமானால் நீ சத்தம் போடாதே. மெதுவாக மூன்று முறை கைதட்டு. கேட்ட பிள்ளை திருப்பித் தட்டும். பக்கத்துப் பிள்ளை அதைக் கேட்டுத் தட்டும். ஆறேழு தட்டலில் அறை அடங்கிவிடும். வேலை செய்கிற வகுப்பில் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்யும், அதை அடக்க நினைக்காதே.

மறுபடி எழுது. என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

கேள்வி: இரண்டாம் வகுப்புக்குத் தினமும் மூன்று பக்க வீட்டுப்பாடம். இரவு பத்து மணி வரை அழுகை. பள்ளியில் கேட்டால், 'மற்ற பெற்றோர் கேட்கிறார்கள்' என்கிறார்கள்.
— ஒரு தாய், சென்னை

ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. அதே ஆண்டு மத்திய அரசும் அப்படியே சுற்றறிக்கை அனுப்பியது. இந்த இரண்டு வகுப்புகளுக்கும் புத்தகப் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் அந்தச் சுற்றறிக்கையில் இருந்தது. தனியாகப் போகாதீர்கள். இன்னும் நாலைந்து பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு, எழுத்தாக எழுதிக் கொடுங்கள். எட்டு மணிக்கு மேல் நோட்டை மூடிவிடுங்கள். முடிக்காமல் போனதற்கு நான்தான் பொறுப்பு என்று டைரியில் நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பிள்ளை அந்தக் குற்ற உணர்ச்சியைச் சுமக்க வேண்டாம்.

கேள்வி: பேரன் ஒன்றாம் வகுப்பு. காலையில் ஒரு வாய் சாப்பிட மாட்டான், பள்ளிக்குப் போகவும் அழுகிறான். வகுப்பில் தூங்குகிறானாம். அடிக்கச் சொல்லட்டுமா?
— ஒரு பாட்டி, சிவகங்கை

வேண்டாம் அக்கா. அடி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பிள்ளையை அடிப்பதும் கூடாது, மனம் நோகப் பேசுவதும் கூடாது.

என் கதை ஒன்று சொல்கிறேன். தொண்ணூறுகளில் என் வகுப்பில் ஒரு பையன், தினமும் பத்தரை மணிக்கெல்லாம் தூங்கி விழுவான். எழுப்பி எழுப்பிப் பார்த்துவிட்டு ஒருநாள் சுவரோரம் நிற்க வைத்தேன். நின்றபடியே சரிந்து விழுந்துவிட்டான். தண்ணீர் தெளித்து எழுப்பிக் கேட்டபோதுதான், அம்மா விடியும் முன்னே களையெடுக்கப் போய்விடுகிறார், முந்தின மதியம் சத்துணவில் சாப்பிட்டதுதான் கடைசிச் சாப்பாடு என்று தெரிந்தது. நான் அவனை நிற்க வைத்தது இன்றைக்கும் என் நெஞ்சில் இருக்கிறது. அன்றிலிருந்து தூங்குகிற பிள்ளையிடம் என் முதல் கேள்வி, 'காலையில் என்ன சாப்பிட்டாய்?' என்பதுதான்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அது வந்தது. பக்கத்துப் பள்ளிக்குப் போய், உப்புமாத் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தப் பையன் ஞாபகம்தான் வந்தது.

உங்கள் பேரன் அரசுப் பள்ளி என்றால் வீட்டில் சாப்பிட வைக்கப் போராடாதீர்கள். பொங்கலோ கிச்சடியோ, கூட்டாளியோடு உட்கார்ந்தால் சாப்பிட்டுவிடுவான். கொஞ்சம் முன்னதாகக் கொண்டுபோய் விடுங்கள். இரவு ஒன்பது மணிக்கெல்லாம் படுக்க வையுங்கள், டிவியும் செல்போனும் அந்த அறையில் வேண்டாம். அழுகைக்கு ஒரு யோசனை. உங்கள் சேலைத் துணியில் கைக்குட்டை அளவு வெட்டி அவன் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். என் பிள்ளைகள் பலருக்கு அது பலித்திருக்கிறது.

கேள்வி: டீச்சர், நான் மூன்றாம் வகுப்பு படிக்கிறேன். 'கொ' சொல்லும்போது 'க்' தானே முதலில் வருகிறது? அப்புறம் ஏன் கொம்பை முதலில் எழுத வேண்டும்?
— ஒரு மாணவி, மதுரை

கண்ணு, இந்த மாதத்தின் நல்ல கேள்வி உன்னுடையதுதான். நீ சொல்வது சரி. வாய் 'க்' என்று தொடங்கி 'ஒ' என்று முடிக்கிறது. எழுத்தில் மட்டும் 'ஒ' இரண்டாகப் பிரிந்து, கொம்பாக முன்னாலும் காலாகப் பின்னாலும் நின்று, நடுவில் 'க'வைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் அப்பாவும் அம்மாவும் கைபிடித்து நடக்கிற பாப்பா மாதிரி. நம் எழுத்தைப் பல நூறு ஆண்டுகளாக இப்படித்தான் எழுதி வருகிறார்கள். அதனால் நாம் எழுத்தை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படிக்காமல், மூன்றையும் சேர்த்து ஒரே பார்வையில் பார்க்கிறோம்.

இன்னொரு செய்தியும் சொல்கிறேன். 'கொ'வுக்கும் 'கோ'வுக்கும் முன்பெல்லாம் ஒரே கொம்புதான். குறில் என்று காட்ட மேலே ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று பலரும் வைக்காமலே விட்டுவிடுவார்கள். அப்போது எது குறில், எது நெடில் என்று இடம் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இத்தாலி நாட்டிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் படித்த வீரமாமுனிவர்தான் நெடிலுக்குக் கொம்பின் மேலே இன்னொரு சுழி போட்டு, இரட்டைக் கொம்பாக மாற்றினார் என்று சொல்வார்கள். அவர் 1747-ல் காலமானார். அப்படியென்றால் உன் நோட்டில் உள்ள அந்தச் சின்னச் சுழிக்குக் கிட்டத்தட்ட முந்நூறு வயது.

இப்போது 'கொடி' என்று எழுது. பக்கத்தில் 'கோடி' என்று எழுது. இரண்டுக்கும் ஒரு படம் வரைந்து எனக்கு அனுப்பு. கோடிக்கு நீ என்ன வரைவாய் என்று பார்க்கிறேன்.